பயிற்சியில் அசத்தல், மேட்ச்சில் சொதப்பலா? புதுச்சேரியின் பிரெஞ்சு விளையாட்டு சொல்லும் பயிற்சி ரகசியம்!

பயிற்சியில போடுறதெல்லாம் சரியா விழுது. மேட்ச்னு வந்தா மட்டும் குறி தப்புது! விளையாடும் பிள்ளைகளுக்கும், அவர்களை தினமும் கிரவுண்டுக்கு கூட்டிட்டுப் போகும் பெற்றோருக்கும் நன்றாகத் தெரிந்த வேதனை இது. "டென்ஷன்தான் காரணம்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆனால் பல நேரம் கோளாறு பயிற்சி செய்யும் முறையிலேயே இருக்கிறது. எப்படி? புதுச்சேரியில் இன்றும் ஆடப்படும் பெத்தாங்க் விளையாட்டை வைத்தே பார்க்கலாம்.

பெத்தாங்க் என்றால் என்ன?

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு பிரான்ஸின் லா சியோத்தா ஊரில் பிறந்த விளையாட்டு இது. 1954-ல் பிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரியை விட்டுப் போனாலும், இந்த விளையாட்டு போகவில்லை.

'கொஷோனே' என்ற சின்ன மரக் குண்டை முதலில் வீசுவார்கள். பிரெஞ்சில் இதற்கு பன்றிக்குட்டி என்று அர்த்தம்! பிறகு தரையில் உள்ள வட்டத்துக்குள் நின்றபடி, 650 முதல் 800 கிராம் எடையுள்ள இரும்புக் குண்டை அதன் பக்கத்தில் விழும்படி போட வேண்டும். எதிரணியின் குண்டை அடித்து விரட்டவும் செய்யலாம். முதலில் 13 புள்ளி எடுக்கும் அணிக்கு வெற்றி.

இங்கேதான் ஒரு விஷயம். ஒவ்வொரு சுற்றிலும் கொஷோனேவை புதிதாக வீசுவார்கள். 6 மீட்டரிலும் விழலாம், 10 மீட்டரிலும் விழலாம். அதனால் 7 மீட்டரில் மட்டும் நூறு முறை போட்டுப் பழகியவர், 9 மீட்டர் வந்ததும் திணறிப் போவார்.

ஆய்வு சொல்வது என்ன?

கெர், பூத் என்ற ஆய்வாளர்கள் 1978-ல் வெளியிட்ட ஆய்வு இது. 8 வயதுப் பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, சின்ன துணி மூட்டையை குறி பார்த்துப் போட 12 வாரம் பழக்கினார்கள். ஒரு குழுவுக்கு 3 அடி தூரம் மட்டும். இன்னொரு குழுவுக்கு 2 அடியும் 4 அடியும் மாறி மாறி. கடைசியில் 3 அடி தூரத்தில் டெஸ்ட். ஜெயித்தது யார் தெரியுமா? பயிற்சியில் 3 அடியையே தொடாத இரண்டாவது குழு!

அமெரிக்காவில் கல்லூரி பேஸ்பால் வீரர்களிடம் நடந்து, 1994-ல் வெளியான ஆய்விலும் இதே கதைதான். மூன்று வகைப் பந்துகளை வகைக்கு 15 என வரிசையாக அடித்தவர்களைவிட, கலந்து கலந்து அடித்தவர்களே அதிகம் முன்னேறினார்கள்.

ஏன் இப்படி?

ஒரே தூரத்தில் திரும்பத் திரும்பப் போடும்போது, போன முறை செய்ததையே கை அப்படியே காப்பி அடிக்கும். மூளைக்கு வேலை குறைவு. தூரம் மாறினால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். பயிற்சியில் தப்பு அதிகமாக வரும், ஸ்கோர் குறையும். மனசு சோர்ந்துபோகும். ஆனால் மேட்ச்சில் தேவைப்படும் திறமை அப்போதுதான் வளர்கிறது.

எப்படி பயிற்சி செய்யலாம்?

பெத்தாங்க்கில் குண்டை அடித்து விரட்டும் திறமைக்கென்றே தனிப் போட்டி உண்டு. 5 வகை இலக்குகள், ஒவ்வொன்றுக்கும் 6, 7, 8, 9 மீட்டரில் இருந்து ஒரு வீச்சு. ஒரு வீச்சுக்கு அதிகபட்சம் 5 புள்ளி, மொத்தம் 100. இதையே பயிற்சி அட்டவணையாகவும் வைத்துக்கொள்ளலாம்.

- புதிதாகக் கற்பவர்கள் முதலில் ஒரே தூரத்தில் போட்டு, நிற்கும் விதத்தையும் கை வீச்சையும் சரி செய்யுங்கள்.
- கை பழகியதும் தூரத்தை ஒவ்வொரு வீச்சுக்கும் மாற்றுங்கள்.
- குறி தப்பினால் முன்னால் விழுந்ததா, தாண்டிப் போனதா, இடதா, வலதா என்று குறித்து வையுங்கள். ஒரே தப்பு திரும்ப வந்தால், அடுத்த நாள் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

கிரிக்கெட்டுக்கும் இது பொருந்தும். நெட்டில் முப்பது பந்தும் ஒரே வேகத்தில், ஒரே இடத்தில் வந்தால் பேட்ஸ்மேனுக்கு ஆடுவதற்கு சுகமாக இருக்கும். ஸ்பின், வேகம், ஷார்ட் என்று கலந்து போடச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பயிற்சியில் பிள்ளை தடுமாறினால் உடனே திட்டிவிடாதீர்கள். இரண்டு வாரம் கழித்து மேட்ச்சில் எப்படி ஆடுகிறார் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.