இரும்புக்கை மாயாவியை எழுதினது யாரு?

(ஒலிபரப்பான எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்சவரை அப்படியே விட்டிருக்கோம்.)

இன்னிக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம். பிடிச்ச ஃபேன்டஸி எழுத்தாளரோட பேட்டி ஒண்ணு கிடைச்சா, காமிக்ஸ் வாசகர்கள் ஏன் இவ்வளவு குஷியாகிடறாங்க? கதையைத்தான் ஏற்கெனவே படிச்சாச்சே. முடிவும் தெரியும். அப்புறமும் அவர் பேசுறதை, மொழி புரியலேன்னாலும் சப்டைட்டில் போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிறோம். எதுக்கு?

"அவரு பிரபலம், அதான்"னு சொல்லலாம். ஆனா அது பாதி பதில்தான். தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்கு இதுல இன்னொரு விஷயம் இருக்கு. ரொம்ப வருஷமா நமக்கு ஹீரோ பேரு தெரியும். புத்தகம் போட்டவங்க பேரும் தெரியும். கதையை யோசிச்ச ஆளு பேரு மட்டும் தெரியாது. பேட்டிதான் அந்த ஆளை முதல் தடவையா நம்ம முன்னாடி கொண்டுவந்து உட்கார வைக்குது.

பென்னிகுவிக் ஊரு

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். எங்க பக்கம் வயலுக்குத் தண்ணி எப்படி வருதுன்னு கேட்டா, சின்னப் பிள்ளைகூட "பென்னிகுவிக்"னு சொல்லும். 1895-ல முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடிச்ச என்ஜினீயர். லோயர் கேம்ப்ல மணிமண்டபம் இருக்கு. கடையில, வீட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல அவரு படம் இருக்கும். தேனிகிட்ட பாலார்பட்டியில அவரு பிறந்தநாளான ஜனவரி 15-ல அவருக்காகவே பொங்கல் வைக்கிறாங்க. வேற நாட்டுக்காரரு, இவ்வளவு வருஷம் கழிச்சும் பேரை மறக்கல.

அதே ஊர்ல என் சித்தப்பாகிட்ட ஒரு தடவை கேட்டேன். அவரு பழைய முத்து காமிக்ஸை இன்னும் பீரோவுல பூட்டி வச்சிருக்கிற ஆளு.

"சித்தப்பா, இரும்புக்கை மாயாவிய எழுதுனது யாரு?"

"முத்து காமிக்ஸ்தான்டா."

"அது புத்தகம் போட்டவங்க. எழுதுனது?"

"அதெல்லாம் யாரு போட்டிருந்தான் புத்தகத்துல?"

அவரைக் குத்தம் சொல்லவே முடியாது. அணை கட்டினவரு பேரைச் சொல்ல ஊரே இருந்துச்சு. மாயாவியை எழுதினவரு பேரைச் சொல்ல யாரும் இல்லை.

மாயாவிக்குப் பின்னாடி இருந்தவர்

கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒரு பக்கம் மேகமலை, வருசநாட்டு மலை. அந்த மலைக்கு அடுத்த பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், அதைத் தாண்டினா சிவகாசி. அந்தச் சிவகாசியில 1972-ல எம். சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினாரு. முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி.

ஆனா மாயாவி பிறந்தது லண்டன்ல. 1962 அக்டோபர்ல 'வேலியன்ட்'ங்கிற வாரப் பத்திரிகையோட முதல் இதழ்லயே வந்த தொடர் அது. லூயிஸ் கிராண்டேல் விபத்துல கையை இழந்தவன். இரும்புக் கை பொருத்திக்கிட்டவன். மின்சாரம் பாஞ்சா உடம்பு மறைஞ்சிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். ஆரம்பத்துல அவன் வில்லன். அப்புறம்தான் நல்லவனா மாறுறான். படம் வரைஞ்சவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. எழுதினவர் கென்னத் பல்மர். பிற்பாடு வந்த கதைகளை டாம் டல்லி எழுதினாரு.

இந்தப் பல்மர் யாருன்னு தேடிப் போனா, ஆளு ஒரு முழுநேர ஃபேன்டஸி, அறிவியல் புனைகதை எழுத்தாளர். 1972-ல, அதாவது நம்ம பெரியவங்க மாயாவியைத் தமிழ்ல முதல் தடவையா படிச்ச அதே வருஷம், 'டிரே பிரெஸ்காட்'னு ஒரு நாவல் வரிசையை ஆரம்பிக்கிறாரு. வேற ஒரு கிரகத்துல வாள் சண்டை போடுற மாலுமியோட கதை. மொத்தம் 52 நாவல். அதுலயும் சொந்தப் பேரு போடல, 'ஆலன் பர்ட் ஏக்கர்ஸ்'ங்கிற புனைபேர்தான். ஹீரோ தன் கதையை கேசட்டுல பேசிப் பதிவு பண்ணுறான், அதை ஏக்கர்ஸ் எழுத்துக்கு மாத்துறாருன்னு ஒரு பாவனை. இந்தப் பக்கத்துல நாங்க பண்ற வேலையேதான்!

இன்னொண்ணு கேளுங்க. முதல் 37 நாவல் இங்கிலீஷ்ல வந்துச்சு. 1988-க்கு அப்புறம் இங்கிலீஷ்ல நின்னுபோச்சு. மிச்சத்தை அவர் தொடர்ந்து எழுத, அது முதல்ல ஜெர்மன் மொழிபெயர்ப்பா வெளிவந்துச்சு. எழுதின மொழியில வாசகர்கள் காத்துக்கிட்டிருந்தப்ப, வேற மொழிக்காரங்க கதையை உயிரோட வச்சிருந்தாங்க. மாயாவியைத் தலைமுறை தலைமுறையா படிச்சுக்கிட்டிருக்கிற தமிழ் வாசகருக்கு இது புரியாம இருக்குமா?

பல்மர் 2005-ல காலமாகிட்டாரு.

பேரு போச்சுன்னா என்ன போகுது?

"கதை நல்லாயிருந்தா போதாதா, பேரு எதுக்கு?"ன்னு சிலர் கேப்பாங்க. அதுக்குப் பதில் ஸ்பைடர்கிட்ட இருக்கு. மார்வெலோட ஸ்பைடர்மேன் இல்ல. நம்ம லயன் காமிக்ஸ்ல 80-கள்ல வந்த, கூர்மையான காது வச்ச குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர்.

அந்தத் தொடர் 1965-ல பிரிட்டன்ல ஆரம்பிச்சுது. வந்த பத்திரிகையோட பேரும் 'லயன்'தான்! டெட் கோவன் தொடங்கி வச்சதை அடுத்து எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். ஆமா, ஜோ ஷூஸ்டரோட சேர்ந்து சூப்பர்மேனைப் படைச்ச அதே சீகல்.

அந்த ரெண்டு பேரும் 1938-ல சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு வித்தாங்க. அப்புறம் அது எவ்வளவு பெரிய சொத்தாச்சுன்னு நமக்குத் தெரியும். உரிமைக்காகச் சீகல் பல வருஷம் கோர்ட் ஏறி இறங்கினாரு, ஜெயிக்கல. 1975-ல பத்திரிகைகள்ல விஷயம் வெளியாகி, பேச்சு பெருசான பிறகுதான் வருஷாந்திர ஓய்வூதியமும், 'படைத்தவர்கள்'னு பேரும் கிடைச்சுது. அதுக்கு முந்தின அந்தக் கஷ்ட காலத்துலதான் அவர் ஸ்பைடரை எழுதினாரு, அதுலயும் பேரு இல்லாம. தமிழ்ல அதைப் படிச்ச ஒரு பையனுக்கு, தான் படிக்கிறது சூப்பர்மேனைப் படைச்சவரோட எழுத்துன்னு தெரிய வழியே இல்லை.

பேருங்கிறது வெறும் மரியாதை மட்டும் இல்லீங்க. யாருக்குக் காசு போகணும், யாரைத் தேடி அடுத்த வாய்ப்பு வரணும், யார்கிட்ட போய்க் கேள்வி கேட்கணும், எல்லாமே பேரை வச்சுத்தான் நடக்குது.

இது தமிழ்ப் பதிப்பாளர் மட்டும் பண்ணினதும் இல்லை. அன்னிக்கு பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைகள்லயே எழுத்தாளர், ஓவியர் பேரைப் பொதுவா போட மாட்டாங்க. கதாபாத்திரம் கம்பெனிக்குச் சொந்தம். 1977-ல வந்த '2000 ஏடி' பத்திரிகைதான் தொடர்ந்து பேரு போடுற வழக்கத்தை அங்க கொண்டுவந்துச்சு. பல்மர் நாவலுக்குப் புனைபேர் வச்சது அவரோட விருப்பம். காமிக்ஸ்ல பேரே இல்லாம போனது பத்திரிகையோட வழக்கம். ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கக் கூடாது.

பேரு தெரிஞ்சா படிக்கிறது மாறும்

இப்ப அந்தப் பக்கம் பாருங்க. பிரான்ஸ், பெல்ஜியம் ஆல்பங்கள்ல எழுத்தாளர் பேரு அட்டையிலயே இருக்கும். அப்படி நமக்குக் கிடைச்ச பேரு, ஜான் வான் ஹாம். 1939-ல பிரஸ்ஸல்ஸ்ல பிறந்தவர்.

தமிழ்ல 'இரத்தப் படலம்'னு வந்த XIII அவரோடது. லார்கோ வின்ச் அவரோடது. வேய்ன் ஷெல்டன், லேடி எஸ், ரெண்டையும் தொடங்கி வச்சவர் அவர்தான். ஃபேன்டஸி வாசகர்கள் தலையில தூக்கி வச்சு ஆடுற தோர்கலும் அவரோடதுதான்! போலந்து ஓவியர் ரோசின்ஸ்கியோட சேர்ந்து 1977-ல ஆரம்பிச்சது. இத்தனையும் ஒரே மூளையில இருந்து வந்ததுன்னு தெரியும்போது வருது பாருங்க ஒரு சந்தோஷம், அதுதான் பேட்டியோட முதல் பரிசு.

ரெண்டாவது பரிசு, முடிவுகளுக்குக் காரணம் தெரியுறது. வான் ஹாம் எழுத்துக்கு முழுநேரமா வர்றதுக்கு முன்னாடி பிலிப்ஸ் கம்பெனியில வேலை பார்த்தவர். அதைத் தெரிஞ்சுக்கிட்டு லார்கோ வின்ச்சோட போர்டு மீட்டிங் காட்சிகளைத் திரும்பப் படிங்க. கம்பெனி கைமாறுறதை ஏன் இவ்வளவு விவரமா எழுத முடியுதுன்னு புரியும். XIII-க்கான பொறி ராபர்ட் லுட்லமோட 'பார்ன்' நாவல்ல இருந்து வந்துச்சு. நினைவு போன ஆளுங்கிற ஒரு வரியை எடுத்து, 1984-ல இருந்து 2007 வரைக்கும் 19 ஆல்பம் இழுத்திருக்காரு. எங்க கடன் வாங்கினாரு, எங்க சொந்தக் கால்ல நின்னாருன்னு இப்ப நம்மால பிரிச்சுப் பார்க்க முடியும்.

தோர்கலை எடுத்துக்கோங்க. வைக்கிங்குகள் கண்டெடுத்து வளர்த்த, நட்சத்திரக் கூட்டத்துப் பிள்ளை. அவனுக்கு ராஜ்யம் வேணாம், புகழ் வேணாம். பொண்டாட்டி ஆரிசியாவோட, பிள்ளைகளோட ஒரு கரையில நிம்மதியா இருக்கணும், அவ்வளவுதான். தேவர்களும் மனுஷங்களும் விட மாட்டேங்கிறாங்க. 29 ஆல்பம் எழுதிட்டு, 2006-ல தோர்கலோட மகன் ஜோலன் கையில கதையை நகர்த்திட்டு வான் ஹாம் விலகிட்டாரு. தொடரை இன்னொரு எழுத்தாளர் ஏத்துக்கிட்டாரு. பேரு தெரியாதவங்களுக்கு 'என்னமோ கதை மாறுது'ன்னு தோணும். தெரிஞ்சவங்களுக்கு ஒருத்தர் விடைபெறுறது தெரியும்.

நம்ம பக்கத்துல யாரைக் கேட்கணும்?

லயன் காமிக்ஸை 1984-ல தொடங்கின ஆசிரியர் எஸ். விஜயன் 'சிங்கத்தின் சிறு வயதில்'னு தன் ஆரம்ப நாட்களைத் தொடரா எழுதினாரு. எந்தக் கதை எப்படிக் கிடைச்சுது, எது ஓடுச்சு, எது காலை வாரிச்சுன்னு அவரே சொன்னதால, இன்னிக்கு ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்துல வாசகர்கள் கூடும்போது பேச விஷயம் இருக்கு.

ஆனா பழைய புத்தகங்களைத் தமிழ்ப்படுத்தினவங்க? பலூனுக்குள்ள கையால எழுத்து எழுதினவங்க? அட்டைப்படம் வரைஞ்சவங்க? நாம மாயாவின்னு சொல்ற குரல் பல்மரோடது மட்டும் இல்லையே. அதுக்கு ஒரு தமிழ் கொடுத்த ஆளு இருக்காரு. மந்திரக்கதை, சித்திரக்கதைன்னு குழந்தைகளுக்கு எழுதிக் குவிச்ச வாண்டுமாமா 2014-லயே போயிட்டாரு. அவர்கிட்ட கேட்காம விட்ட கேள்வி எல்லாம் இனி கேள்வியாவே இருக்கும்.

அதனால கேட்டுக்கிட்டிருக்கிற உங்களுக்கு ஒரு வேலை. சிவகாசி, மதுரை, சென்னைன்னு எங்க இருந்தாலும், உங்க தெருவுல இந்தத் தொழில்ல இருந்த பெரியவர் ஒருத்தராவது இருப்பாரு. அச்சகத்துல வேலை பார்த்தவரோ, வாடகை நூலகம் நடத்தினவரோ யாரா இருந்தாலும் சரி. போனை ரெக்கார்டிங்ல போடுங்க, முதல்ல அனுமதி கேளுங்க. "உங்களுக்குப் பிடிச்ச ஹீரோ யாரு?"ன்னு ஆரம்பிக்காதீங்க, அதுக்கு ஒரு வார்த்தையில பதில் வந்துடும். மூணு கேள்வி கேளுங்க. அந்தக் கதை உங்க கைக்கு எப்படி வந்துச்சு? அதுல நீங்க எதை மாத்தினீங்க, ஏன்? உங்க கூட வேலை பார்த்தவங்க பேரு என்னென்ன?

மூணாவது கேள்விக்கு வர்ற பதிலை எழுத்துப்பிழை இல்லாம குறிச்சு வச்சுக்கோங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.