ஜப்பானில் மாமியாருக்கு முதல் பந்தி!

ஜப்பான் சாப்பாடு என்றாலே நம்மில் பலருக்குப் பச்சை மீன்தான் ஞாபகத்துக்கு வரும். "சைவக்காரர்கள் அங்கே போனால் பட்டினிதான்" என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. போன நவம்பரில் நாங்கள் ஒஸாகாவில் வேலை பார்க்கும் என் மகனிடம் போயிருந்தோம். "பாட்டியை க்யோட்டோவில் ஒரு உயர்தர ஹோட்டலுக்குச் சாப்பிட அழைச்சுண்டு போகணும்" என்று அவனுக்கு ஆசை. என் மாமியாருக்கு வயது 74. முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். 'சரி' என்று சொல்வதற்கு முன் நான் ஆயிரம் கேள்வி கேட்டேன். கிடைத்த பதில்கள் உங்களுக்கும் உதவும்.

காய்கறி என்றால் சைவமா?

அங்கே பெரும்பாலான சமையலுக்கு ஆதாரம் 'தாஷி' என்ற சாறு. உலர்த்திப் புகையூட்டிய மீனை மெல்லிசாகச் சீவி, அதைக் கொதிநீரில் ஊறவைத்து வடிப்பார்கள். கத்தரிக்காய், டோஃபு எல்லாம் இதில்தான் வேகும். மிஸோ சூப்பிலும் இதுதான். கண்ணுக்குத் தெரியாது! அதனால் "மீன் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது.

இதற்கு வழி, புத்த மடங்களில் பிறந்த 'ஷோஜின் ர்யோரி' என்ற சமையல். இதில் மீன், இறைச்சி மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. சாற்றுக்குக் காய்ந்த ஷிடாக்கே காளானும் 'கொம்பு'வும் போடுவார்கள். கொம்பு என்றதும் மாமியார் முகம் மாறிவிட்டது. மாட்டுக் கொம்பு இல்லை, கடலில் விளையும் பாசி! இதன் ருசியை ஆராய்ந்துதான் 1908-ல் கிகுனே இகெடா என்ற ஜப்பானியப் பேராசிரியர் 'உமாமி' என்று பெயர் வைத்தார்.

மகன் நான்கு நாள் முன்னதாகவே ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொல்லி, இடம் பிடித்துவிட்டான்.

சாப்பாடா, கொலுவா?

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். பாய் விரித்த தனி அறை. கிமோனோ உடுத்திய பெண்மணி மண்டியிட்டு வணங்கி, கை துடைக்கச் சூடான துவாலை கொடுத்தார். மெனு கார்டு கிடையாது. அந்தப் பருவத்துக்கு எது நல்லதோ அதை அவர்களே சமைத்துத் தருவார்கள்.

முதலில் எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிளறிய எள் டோஃபு. வாயில் வைத்தால் அப்படியே கரைகிறது! அடுத்து 'யுபா', அதாவது சோயாப் பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஆடை. பிறகு இனிப்பு மிஸோ தடவிச் சுட்ட கத்தரிக்காய். தெம்புரா நம் பஜ்ஜிக்குத் தம்பி. வெளியில் அந்த மாவில் முட்டை சேர்ப்பதுண்டு, ஷோஜினில் இல்லை. எல்லாம் ஆளுக்கு இரண்டு வாய்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கிண்ணம், ஓரத்தில் ஒரு சிவப்பு மேப்பிள் இலை. "ஏண்டிம்மா, இது சாப்பாடா, கொலுவா?" என்றார் மாமியார். கடைசியில்தான் சாதம், சூப், ஊறுகாய். ஜப்பானியரின் இந்த உணவுப் பண்பாட்டை 2013-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

ஒன்றைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அடுத்தது வரும், அதுவும் சுடச்சுட. ஒவ்வொரு முறையும் முதல் கிண்ணம் மாமியாருக்குத்தான். பாதியில் அவர் மெதுவாகச் சொன்னார்: "ஐம்பது வருஷமா எல்லாருக்கும் போட்டுட்டு, ஆறினதைத்தான் சாப்பிட்டிருக்கேன். எனக்குன்னு ஒருத்தர் பார்த்துப் பார்த்துப் போடறது இதான் முதல் தடவை." எனக்குத் தொண்டையை அடைத்தது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

* சமையலில் 'மிரின்' என்ற இனிப்பு அரிசி மது சேர்ப்பதுண்டு. வேண்டாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

* இந்த மாதிரி இடங்களில் இரவுச் சாப்பாடு ஆளுக்கு 20,000 யென்னைக்கூடத் தாண்டும். மத்தியானம் போனால் செலவு குறைவு. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் கிடையாது.

* குச்சிகளைச் சாதத்தில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை.

* ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஜாக்கிரதை! ஒரு மேஜைக்கரண்டி சோயா சாஸில் சுமார் இரண்டரை கிராம் உப்பு இருக்கிறது. நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

* அசைவம் சாப்பிடுபவர்களானாலும், கர்ப்பிணிகள் பச்சை மீனைத் தவிர்ப்பதே நல்லது.

* கடைசியாக ஒன்று. இதற்கு ஜப்பான் போக வேண்டாம், யென்னும் வேண்டாம். எங்கள் வீட்டில் இப்போது ஞாயிறு மத்தியானம் மாமியாருக்கும் எனக்கும்தான் முதல் பந்தி. பரிமாறுவது என் கணவர். சாம்பார் கொஞ்சம் சிந்தத்தான் செய்கிறது. ஆனால் சூடாக இருக்கிறது. நீங்களும் செய்து பாருங்களேன்!