வாயுள்ள பிள்ளையும் அடக்கமான பிள்ளையும்

மனிதர்களை அகமுக இயல்பினர், புறமுக இயல்பினர் என்று பகுத்துப் பார்க்கும் வழக்கம், சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட நூலால் பரவியது. அகமுக இயல்பினருக்குத் தனிமையில் தெம்பு ஊறும். கூட்டத்தில் நெடுநேரம் இருந்தால் அயர்ச்சி வரும். புறமுக இயல்பினருக்கோ நாலு பேர் சூழ இருந்தால்தான் உற்சாகம். கூச்சம் என்பது இதிலிருந்து வேறு. பிறர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் அது. ஆனால் ஊரார் பார்வையில் இரண்டும் ஒன்றாகவே கலந்துவிடுகின்றன.

இரு வகையினரும் எல்லாச் சமூகங்களிலும் பிறக்கிறார்கள். யாருக்கு மதிப்பு என்பதைப் பெரும்பாலும் அந்தந்தச் சமூகத்தின் பிழைப்பு முறையே தீர்மானிக்கிறது. ஷின்யின் சென் என்ற உளவியலாளரும் குழுவினரும் சீன நகரப் பள்ளிப் பிள்ளைகளை 1990, 1998, 2002 ஆகிய ஆண்டுகளில் ஆராய்ந்தனர். முதல் ஆய்வில், கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளைச் சக மாணவர்கள் விரும்பினர், ஆசிரியர்களும் மெச்சினர். 2002-இல் அதே சுபாவமுள்ளவர்கள் ஒதுக்கப்பட்டனர், மனச்சோர்வும் அடைந்தனர். இடையில் வந்தது சந்தைப் பொருளாதாரம். தன்னைத் தானே முன்னிறுத்தத் தெரிந்தவருக்கு வேலை கிடைக்கும் காலம் அது.

தமிழ் மரபு இரண்டையும் போற்றியது. திருக்குறளில் அடக்கமுடைமைக்கும் அதிகாரம் உண்டு, அவையஞ்சாமைக்கும் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் இன்னும் அழுத்தமான சான்று கல்லிலேயே கிடைக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விவரிக்கின்றன. பிராமணர் குடியிருப்பான (சதுர்வேதிமங்கலமான) அவ்வூரில், வயது 35-க்கு மேல் 70-க்குள், வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, கல்வி, நேர்மை ஆகியவையே தகுதிகள். கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்படும். குடத்தை எல்லோரும் காண உயர்த்திக் காட்டியபின், விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி உரக்கப் படிப்பார். மற்றவரும் ஒவ்வொருவராகப் படிப்பர். ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆள் அமைந்தது இப்படித்தான். நிலமற்றோரும் பெண்களும் இதில் சேரவில்லை என்பது பெருங்குறைதான். ஆயினும் வாக்குச் சேகரிப்போ மேடைப் பேச்சோ தேவைப்படாத இந்த ஏற்பாட்டில், வாய் திறக்காத யோக்கியன் ஒருவன் பேச்சு வல்லவனுக்குச் சமமாக நின்றான்.

இருபதாம் நூற்றாண்டில் அதே மாவட்டம் அண்ணாவைத் தந்தது. காஞ்சிபுரத்தில் 1909-இல் பிறந்த அவருடைய பேச்சாற்றல் அரசியலின் போக்கையே மாற்றியது. அதற்குப் பிறகு தலைமை என்றாலே ஒலிபெருக்கி முன் நிற்பது என்றாகிவிட்டது. ஆனால் 1954 முதல் 1963 வரை முதல்வராக இருந்த காமராஜர் சுருக்கமாகப் பேசுபவர். “பார்க்கலாம்” என்ற ஒற்றைச் சொல்லோடு பல மனுக்களை முடித்தவர். இரு வகைத் தலைவரையும் மக்கள் நெஞ்சில் வைத்தனர்.

வீடுகளில் நிலைமை வேறு. பேசாத பெண் ‘அடக்க ஒடுக்கமானவள்’, அதே இயல்புள்ள பையன் ‘பிழைக்கத் தெரியாதவன்’. வாயாடிப் பெண்ணுக்குத் திட்டு, வாயாடிப் பையனுக்குப் பாராட்டு. ஒரே இயல்பை ஆண் பெண் பார்த்து அளப்பது கொடுமை.

இப்போது கிராமத்து மாணவர்களை வாட்டுவது வளாக நேர்காணலின் குழு விவாதம். பாடத்தில் தேர்ந்தவர்களும் முந்திக்கொண்டு பேசாததால் கழிக்கப்படுகிறார்கள். பேச்சைச் சிந்தனையின் அளவுகோலாகக் கொள்வது சரியா என்பதை ஹீஜுங் கிம் என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தார். அமெரிக்க மாணவர்களுக்குப் புதிர்கள் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விடை காணச் சொன்னார். ஐரோப்பிய வம்சாவளியினருக்கு இதனால் பாதிப்பில்லை. கிழக்காசிய வம்சாவளியினரின் மதிப்பெண் குறைந்தது. மௌனமாக யோசித்தபோது அவர்கள் பின்தங்கவில்லை.