சோளகம் ஓய்கிறது, மாரிக்கு நாம் ஆயத்தமா?



வானிலை அறிக்கை என்றால் அது கடலுக்குப் போகும் ஆண்களுக்கான விடயம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. செய்தியின் கடைசியில் அது வாசிக்கப்படும்போது நாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறோம். ஆனால் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் முதல் மழை யாருடைய உழைப்பை நனைக்கிறது என்று சற்று எண்ணிப் பாருங்கள். கருவாடு காயப்போடுபவள் பெண். வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்குபவளும், கிணற்றிலிருந்து தண்ணீர் சுமப்பவளும், ஒழுகும் கூரையின் கீழ் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விடியவிடிய விழித்திருப்பவளும் பெண்தான். ஆகவே செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களின் வானிலையை நாமே விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக இதனை எழுதுகிறேன்.

இரண்டு காற்றுக்கு நடுவில்

நமது நாட்டில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அதைத்தான் நமது கரையில் சோளகம் என்றும் கச்சான் என்றும் சொல்கிறோம். இதே காற்று இரத்தினபுரிப் பக்கத்து மலைகளில் மோதி மழையைக் கொட்டுகிறது. நமது பகுதியிலோ அதைத் தடுத்து நிறுத்த மலை இல்லை. எனவே மணலை வாரி இறைத்துவிட்டு அது தன் பாட்டில் போய்விடுகிறது. இரத்தினபுரியில் ஓராண்டில் 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்ய, புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1,000 முதல் 1,250 மில்லிமீற்றர்தான். அதிலும் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களில் வந்து சேர்கிறது.

செப்டெம்பரில் வானம் வெளுத்திருக்கும், காற்று பலமாக இருக்கும். கலா ஓயாவிலும் மீ ஓயாவிலும் நீர் வற்றிப்போவதால் புத்தளம் களப்பின் நீர் கடல் நீரைவிட உப்பேறிவிடும். மாதக் கடைசியில் சோளகம் தளரத் தொடங்கும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல்கள்கூட இந்த அமைதியைப் பார்த்துத்தான் வருகின்றன. சோளகக் காலத்தில் அங்கே நிலக்கரி இறக்க முடியாது. கரைவலைக்காரரும் வலையைச் செப்பனிடுவது இப்போதுதான்.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களை இடைப்பருவ காலம் என்கிறார்கள். அப்போது சோளகமும் இல்லை, வாடையும் இன்னும் பிடிக்கவில்லை. காற்று அடங்கிய நிலையில் காலை வெயில் தரையைச் சூடாக்கும். கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவரும். மதியத்துக்குப் பின் மேகம் திரண்டு இடியும் மின்னலுமாக மழை கொட்டும். காலையில் தெளிந்த வானம் மாலையில் மழை வராது என்பதற்கு உத்தரவாதம் தராது என்பதே இந்தக் காலத்தின் முதற்பாடம்.

“பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர்”

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் இந்தச் சொற்கள் ஒக்டோபரில் அடிக்கடி வரும். கேட்டுக் கேட்டுப் பழகியதால் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. எங்கள் கிராமத்தில் ஒரு சகோதரி காதுத்தோட்டை அடகு வைத்து நெத்தலி வாங்கிக் காயப்போட்டிருந்தாள். ஒக்டோபர் முதல் வாரம் அது. நல்ல வெயில் என்று நம்பி மகளை வகுப்பிலிருந்து அழைத்துவரப் போனாள். திரும்பி வருவதற்குள் மழை. அரைக்காய்ச்சலாக இருந்த மீன் நனைந்து, மறுநாள் புழு வைத்துவிட்டது. மீனும் போயிற்று, தோடும் அடகுக் கடையிலேயே இருந்தது. அன்று காலை வானொலி அந்த மழையைச் சொல்லியிருந்தது. ஆனால் அவளுடைய வீட்டில் அதைக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

செப்டெம்பர்க் காற்றில் விரைவாகக் காயும் மீன், ஒக்டோபரின் ஈரக்காற்றில் கூடுதல் நாள் எடுக்கும். எனவே ஒக்டோபர் பிறந்ததும் ஒரே தடவையில் அதிகம் வாங்கிக் காயப்போடாதீர்கள். மணலில் பரப்பாமல் பரண் கட்டிக் காயவையுங்கள். மதியம் ஒரு மணிக்கே படங்கைப் பக்கத்தில் எடுத்து வையுங்கள்.

உப்பளத்திலும் இதே கதைதான். மாதக்கணக்கில் பாத்தியில் ஊறி விளைந்த உப்பை ஒரு மழை கரைத்துவிடும். அள்ளிய உப்பைக் குவித்துக் கிடுகு வேய்ந்து மூடுவது இதனால்தான். தொடர்ந்து பெய்த மழையால் உப்பு விளைச்சல் குன்றி, கடல் சூழ்ந்த நமது நாடு 2025 இல் இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்ய நேர்ந்ததை நாம் எல்லோரும் கண்டோம்.

கிணற்று நீரும் முதல் மழையும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மணலுக்கு அடியில் நன்னீர், உப்பு நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. செப்டெம்பர் இறுதியில் அந்தப் படை மிக மெலிந்திருக்கும். அப்போது இயந்திரத்தால் நிறைய இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும்.

இன்னொரு விடயம் தாய்மார் அவசியம் அறிய வேண்டியது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் உரம் மழையோடு மணலில் இறங்கிக் கிணற்றில் சேர்கிறது. கற்பிட்டிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் அளவாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இது கைக்குழந்தைகளுக்குக் கூடாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே தோட்டத்துக் கிணற்று நீரில் குழந்தைக்குப் பால்மா கரைக்காதீர்கள்.

மழைநீர் நமக்குக் கைகொடுக்கும். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். 30 சதுர மீற்றர் தகரக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழைக்கு ஏறத்தாழ 300 லீற்றர் சேரும். முதல் மழையைக் கூரையைக் கழுவ விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடியுங்கள். தாங்கியை நுளம்பு புகாமல் மூடி வையுங்கள்.

பருவ எதிர்வுகூறலை எப்படிக் கேட்பது?

அன்றாட அறிக்கை வேறு, வரும் மூன்று மாதங்களுக்கான எதிர்வுகூறல் வேறு. பின்னது மழை சராசரியைவிடக் கூடுமா, சராசரியாக இருக்குமா, குறையுமா என்பதன் வாய்ப்பை மட்டுமே சொல்லும். பசுபிக் கடல் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் நமக்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மழை கூடுவது வழமை. அது குளிரும் லா நினா ஆண்டுகளில் குறைவது வழமை.

ஆனால் வழமை என்பது வாக்குறுதி அல்ல. 2025 இன் இறுதி லா நினாக் காலம்தான். அந்த நவம்பரில்தான் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புத்தளம் மாவட்டத்தில் கலா ஓயாவும் மீ ஓயாவும் தெதுரு ஓயாவும் பெருகின. உள்நாட்டில் பெய்த மழையே இந்த ஆறுகள் வழியாக நமது கரைக்கு வெள்ளமாக வந்தது. ஆகவே ஆற்றோரத்தில் இருப்பவர்கள் நமது ஊர் மழையை மட்டும் பார்த்திருந்தால் போதாது. குருநாகலிலும் அநுராதபுரத்திலும் எவ்வளவு மழை என்பதையும் கேட்க வேண்டும்.

1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்கள், தாழ்ந்த நிலத்தில் கிடுகுக் கொட்டில்களில் மாரியைக் கழித்த நினைவு நமது மாவட்டத்தில் பலருக்கு உண்டு. அந்தத் துன்பம் இன்னொரு வீட்டுக்கு வராமல் இருக்க, வெயில் இருக்கும்போதே வேலையை முடிப்போம்.

செப்டெம்பர் முடிவதற்குள்

* கூரையின் கிடுகையும் தகரத்தையும் பாருங்கள். காற்றுக்குத் தளர்ந்த ஆணியை இறுக்குங்கள்.
* வீட்டைச் சுற்றி நீர் வடியும் வாய்க்காலைத் துப்புரவாக்குங்கள்.
* அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், அடகுச் சீட்டு, பிள்ளைகளின் மருந்துத் துண்டு எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள்.
* இடி கேட்டதும் கரையிலும் களப்பிலும் தோட்டத்திலும் நிற்காதீர்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். மின் உபகரணங்களின் இணைப்பைக் கழற்றுங்கள்.
* அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.
* ஒக்டோபர் வருமானத்தை நம்பிப் பெரிய கடன் எடுக்காதீர்கள். எடுத்தால் ஒரு மழையில் போனாலும் தாங்கக்கூடிய அளவுக்கு எடுங்கள்.

எங்கள் மாதர் சங்கத்தில் இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். தினமும் ஒருவர் முறைவைத்து அறிக்கையைக் கேட்டு, மதியத்துக்கு முன் மற்றவர்களுக்குக் கைத்தொலைபேசியில் சொல்ல வேண்டும். “இன்றைக்கு மழை இருக்காம், மீனை அள்ளு” என்ற ஒரு வரிதான். கைத்தொலைபேசி இல்லாத வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை ஓடிப்போய்ச் சொல்லும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. உங்கள் ஊரிலும் செய்து பாருங்கள், சகோதரிகளே. மழையை நம்மால் நிறுத்த முடியாது. அது வருவதற்கு முன் அயல்வீட்டுக் கதவைத் தட்ட நம்மால் முடியும்.