தறிக்கு லீவு உண்டா?

ஆரணியில் பொழுது விடிந்ததைச் சொல்லச் சேவல் தேவையில்லை. தறியின் ஓசையே சொல்லிவிடும். கமண்டல நாக நதிக் கரையிலுள்ள இந்த ஊரைச் சரித்திரப் புத்தகம் 1751-ல் கிளைவ் நடத்திய சண்டைக்காக நினைவில் வைத்திருக்கிறது. கலியாண வீடுகளோ பட்டுக்காக நினைவில் வைத்திருக்கின்றன. கலியாண வீடுகளின் ஞாபகமே மேல்!

குழித்தறியில் உட்காருகிறவர் ஒருவர்தான். உழைக்கிறவர் ஒருவர் அல்ல. கர்நாடகப் பட்டும் சூரத்து ஜரிகையும் வீட்டுக்கு வந்ததும் சிக்கெடுத்துத் தார் சுற்றுவது மனைவியின் வேலை. பாவு நீட்டும்போது பாட்டியும் ஒரு கை கொடுப்பாள். சேலை முடிந்தால் கூலி. அதில் தார் சுற்றியவளுக்குத் தனிக் கணக்கு ஏது? 2019–20 கணக்கெடுப்பு நாடெங்கும் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களை எண்ணியது. பத்துக்கு ஏழு பேர் பெண்கள்!

இவளை முழு ஆளாக எண்ணிய ஜாபிதா ஒன்று உண்டு. அதுதான் வாக்காளர் ஜாபிதா. வெள்ளைக்காரர் காலத்தில் சொத்தோ வரியோ படிப்போ காட்டினால்தான் ஓட்டு. கூலிக்கு நெய்பவர் எதைக் காட்டுவார்? 1950-ல் வந்த அரசியல் சட்டத்தின் 326-வது பிரிவு அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தது. 21 வயதானால் ஓட்டு. 1989 முதல் 18 வயது.

முதல் பொதுத் தேர்தல் முடிந்த மறு வருஷம், 1953-ல், மில் துணிக்குத் தீர்வை போட்டு அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் ஒதுக்கும் சட்டம் வந்தது. 1985-ல் சில துணி ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கினார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று; 1993-ல் சட்டம் நிலைத்தது. ஆனாலும் விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விலைபோவது நின்றபாடில்லை.

2023-ல் தமிழக சர்க்கார் கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 300 ஆக்கியது. அதே செப்டம்பரிலிருந்து தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய். தார் சுற்றும் கைக்கு, அவள் பெயரிலேயே வரும் பணம்!

ஓட்டு நாள் சங்கதி வேறு. 1996-ல் சேர்த்த 135-பி பிரிவின்படி அன்று சம்பளத்தோடு லீவு, தினக்கூலிக்கும் உண்டு. ஆனால் சொந்த வீட்டில், சேலைக்கு இவ்வளவு என்று கூலிக்கு நெய்பவருக்கு யார் லீவு கொடுப்பது? ஓடாத தறிக்குக் கூலி இல்லை.

ஓட்டுப் போட ஜாபிதாவில் பெயர் இருக்க வேண்டுமே! 2025 டிசம்பர் 19-ல் வெளியான வரைவு ஜாபிதாவில் தமிழகத்தில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இருமுறை பதிவானவர் என்று காரணம் சொன்னார்கள். தறி போட இடமுள்ள வாடகை வீடு தேடித் தெருத் தெருவாக மாறுகிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல. தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிடலாம். ஜாபிதாவிலுள்ள பெயர் தானாக ஏறிவராது. அதற்கு 8-ம் நம்பர் படிவம் கொடுக்க வேண்டும்.