ஓடும் வண்டியை நிறுத்தும் காவல் வேண்டாம்

வடக்கனந்தல் வட்டாரத்தில் பைக் இல்லாமல் ஒரு நாள் நகராது. கரும்பு வயலுக்கும், கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கும், சின்னசேலம் ரயில் நிலையத்துக்கும், கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலை ஊர்களுக்கும் அதுதான் துணை. வரப்போரத்தில் வண்டியை விட்டுவிட்டுக் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வேலை பார்ப்பவருக்குத் திருட்டுப் பயம் இருப்பது நியாயம். அதற்காகத்தான் ரிமோட் அலாரம் வாங்கி மாட்டுகிறார்கள். அந்தக் கருவிக்கு இரண்டு வேலை: சைரன் அடிப்பது ஒன்று, இன்ஜினை ஓடவிடாமல் தடுப்பது இன்னொன்று. இரண்டாவது வேலையை வேண்டாத நேரத்தில் செய்துவிட்டால், மலைப்பாதை வளைவில் வண்டி சட்டென அணைந்துபோகிறது. பூட்டு என்பது நிற்கிற வண்டியைக் கிளம்பவிடாமல் தடுக்க வேண்டும். ஓடுகிற வண்டியை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. மாட்டும்போதே இந்த வேறுபாட்டைக் கவனித்துவிட்டால் பாதித் தொல்லை வராது.

தொல்லை தருகிறது என்பதற்காக இன்ஜின் பூட்டே வேண்டாம் என்று தள்ளிவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்கள் அனைத்திலும் இம்மொபிலைசர் எனும் இன்ஜின் பூட்டைக் கட்டாயமாக்கியது. அதன் பலனை நெதர்லாந்தில் ஆராய்ந்த வான் ஓர்ஸ், வோலார்ட் என்ற பொருளியலாளர்கள், கார் திருட்டு 40 முதல் 50 சதவீதம் வரை குறைந்ததாகக் கணித்தார்கள். அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறு. இம்மொபிலைசர் இல்லாமல் விற்ற கியா, ஹூண்டாய் கார்களை யு.எஸ்.பி. கேபிள் முனையை வைத்தே கிளப்பும் வித்தை சமூக ஊடகங்களில் பரவ, திருட்டு எகிறியது. 2023 பிப்ரவரியில் அந்த நிறுவனங்கள் 83 லட்சம் கார்களுக்கு இலவச மென்பொருள் திருத்தம் அறிவிக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் 2023 ஜனவரியில் ஸ்மார்ட் சாவியோடு ஆக்டிவா வந்தது. உரிய சாவி அருகில் இல்லாவிட்டால் அந்த வண்டி கிளம்பாது.

அதே ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஐ.நா. வாகன விதிமுறை எண் 116 இன்னொன்றையும் சொல்கிறது. சாவி, இன்ஜின் ஓடும் நிலையில் இருக்கும்போது இம்மொபிலைசர் பூட்டிக்கொள்ளக் கூடாது. ஆம்புலன்ஸ் போன்ற சில வண்டிகளுக்குத்தான் விலக்கு. கார்களுக்கு எழுதிய விதிதான், ஆனால் பைக்குக்கு இதன் அவசியம் இன்னும் அதிகம். இன்ஜின் அணைந்த கார் நான்கு சக்கரத்தில் உருண்டு ஓரங்கட்டும். பின்னால் ஆளும் மூட்டையுமாக மேடேறும் பைக், வளைவில் சாய்ந்திருக்கும்போது இழுவை போனால் சாய்ந்தபடியே விழக்கூடும். மேக்னட்டோவிலிருந்து நேரடியாக ஹெட்லைட் எரியும் வண்டிகளில் இன்ஜினோடு வெளிச்சமும் போய்விடும். இரவு நேர மலைச்சாலையில் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை.

வண்டி நின்றதுமே பழியை அலாரத்தின் மேல் போடுவதும் சரியல்ல. வரிசையாகப் பார்த்தால் குற்றவாளி தானே அகப்படும். செல்ஃப் சுற்றவே இல்லையென்றால் பேட்டரி, கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச் ஆகியவற்றை முதலில் பாருங்கள். அசையாமல் நிற்கும் வண்டியின் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அது 10 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால், அலாரப் பெட்டியின் மூளை ஒரு நொடி மயங்கி, விழித்ததும் தானே பூட்டிக்கொள்ளலாம். அலாரம் 20 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-ஹவர். 3 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஆறு நாளில் காலி. செல்ஃப் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையென்றால் பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் வாங்கிய, பெட்ரோல் பம்ப் உள்ள வண்டிகளில் சாவி போட்டதும் ஓரிரு நொடி பம்ப் ஓடும் சத்தம் கேட்கும்; கேட்காவிட்டால் மின்சாரம் எங்கோ அறுந்திருக்கலாம், அல்லது பம்ப்பே பழுதாகியிருக்கலாம். இன்ஜின் ஓடும்போது ஹேண்டில்பாரை இடம் வலமாகத் திருப்பினால் அணைகிறதா? கழுத்துப் பகுதியில் ஒயர் உராய்ந்து தோல் உரிந்திருக்கும். பொறியை உண்டாக்கும் சி.டி.ஐ. பெட்டி உள்ள பழைய வண்டிகள் பலவற்றில் ஒரு ஒயரை எர்த் செய்துதான் பொறியை நிறுத்துவார்கள். அந்த ஒயர் உரிந்து சேஸிஸில் பட்டாலே போதும், அலாரம் சும்மா இருந்தாலும் வண்டி நிற்கும். குழியில் இறங்கும்போதெல்லாம் அணைந்தால், ஈயம் பற்றவைக்காமல் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பைத் தேடுங்கள். சூடேறியபின் நின்று, ஆறியபின் கிளம்பினால் சந்தேகம் பல்சர் காயில், இக்னிஷன் காயில் பக்கம் போக வேண்டும். கடைசியாக, அலாரத்தின் கப்ளரைக் கழற்றி அது மாட்டுவதற்கு முன்னிருந்தபடி ஒயரை இணைத்து ஓட்டிப் பார்த்தால் தீர்ப்பு தெரிந்துவிடும்.

ஓடும் வண்டியை யாராவது பறித்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ரிமோட்டில் ஓடும் இன்ஜினை அணைப்பதற்கென ஒரு பொத்தானே சில கருவிகளில் இருக்கிறது. ஆனால் அந்த வசதி வேண்டுமென்றால், பாக்கெட்டில் தெரியாமல் அழுந்தும் பொத்தானும் பழுதான ரிலேயும் உரிமையாளரையே கவிழ்க்கும் ஆபத்தையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். அரிதான பறிப்புக்காக அன்றாடப் பயணத்தைப் பணயம் வைப்பது கணக்குக்கு ஒத்துவராது. செல்போன் வழியே இன்ஜினை அணைக்கும் ஜி.பி.எஸ். கருவிக்கும் இதே பதில்தான். திருடனுக்குப் பின்னால் லாரி வரலாம், பேருந்து வரலாம். செல்ஃப் ரிலேயை மட்டும் பூட்டிவிட்டால் ஆபத்தில்லையே என்பவர்கள் கிக்கரை மறந்துவிடுகிறார்கள். கிக்கர் உள்ள வண்டி ஒரே உதையில் கிளம்பிவிடும். இன்னொரு வாதத்தில் நியாயம் இருக்கிறது: அலாரத்துக்கு மின்சாரம் நின்றுபோனாலும் வண்டி ஓடும்படி இணைத்தால், திருடன் அலார ஒயரை வெட்டிவிட்டுக் கிளம்புவானே! உண்மைதான். அதற்குப் பெட்டியையும் ஒயரையும் எளிதில் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதும், ஹேண்டில் லாக், டிஸ்க் லாக் என இரண்டாவது பூட்டுப் போடுவதும்தான் வழி. தாமதத்தைக் கண்டால் திருடன் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். நம் உயிர் ஒரே ஒயரில் தொங்க வேண்டியதில்லை.

ஆகவே அலாரம் மாட்டக் கொடுக்கும்போது எலக்ட்ரீஷியனிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: சாவி போட்டிருக்கும்போது பூட்டு விழக் கூடாது, இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும், அவசரத்தில் அலாரத்தைக் கழற்றிவிட்டு வண்டியைக் கிளப்பும் வழியைக் கையோடு காட்டித்தர வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வண்டியை விடாதீர்கள்.