இணுவில் கிணற்று நீரும் பூச்சியுண்ணும் செடிகளும்

பூச்சியுண்ணும் தாவரங்கள் இயற்கையில் வளரும் நிலத்துக்கும் இணுவிலின் நிலத்துக்கும் பொருத்தம் மிகக் குறைவு. அத்தாவரங்களிற் பெரும்பாலானவை கனியுப்புக்கள் அருகிய, ஈரம் வற்றாத, அமிலத்தன்மை வாய்ந்த நிலங்களுக்குரியவை. வேரால் போதிய அளவு பெற முடியாத நைதரசனையும் பொசுபரசையும் இலைப்பொறிகளிற் சிக்கும் சிறு பூச்சிகளின் உடலிலிருந்து பெற்றுக்கொள்பவை. இணுவிலோ யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணக்கற் பாறையின் மேல் செம்மண் படிந்த ஊர். தலைமுறைகளாக எருவிட்டுப் புகையிலையும் வெங்காயமும் மரக்கறியும் விளைவித்த தோட்டநிலம். எனவே இச்செடிகளை வீட்டு முற்றத்து மண்ணில் நட்டுப் பயனில்லை. அவற்றுக்கு உரிய மண்ணையும் நீரையும் ஈரப்பதனையும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அமைத்துக் கொடுக்க வேண்டும்.

ஒட்டும் இலையெல்லாம் பூச்சியுண்ணும் இலையன்று என்பதை இணுவில் தோட்டக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. புகையிலையின் பிசின் மயிர்களிற் சிறு பூச்சிகள் ஒட்டி மடிவதுண்டு. ஆயினும் அவற்றைச் சமிபாட்டு நொதியங்களாற் கரைத்து உறிஞ்சும் ஆற்றல் புகையிலைக்கு இல்லாமையால் அது இவ்வகையில் அடங்காது. கவர்தல், பிடித்தல், சமித்தல், உறிஞ்சுதல் ஆகியவை ஒருங்கே அமைந்த தாவரங்களைச் சார்ள்ஸ் டார்வின் 1875 இல் வெளியிட்ட தமது நூலில் விரிவாக ஆராய்ந்தார்.

கண்ணாடிப் பெட்டியில் தாவரம் வளர்க்கும் முறையைப் பரப்பியவர் நதானியேல் வார்ட் என்னும் இலண்டன் மருத்துவர். மூடிய போத்தலொன்றில் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை வைத்திருந்தபோது, அதிலிருந்த மண்ணில் பன்னச்செடி தானாக முளைத்ததை 1829 இல் அவர் கண்டார். மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஆவியாகும் நீர் கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணுக்கே வழிவதால் உள்ளே ஈரப்பதன் நிலைக்கிறது. 1876 இல் இறப்பர் நாற்றுக்கள் இலண்டனிலிருந்து இலங்கைக்கு உயிருடன் வந்து சேர்ந்ததும் இத்தகைய பெட்டிகளிலேயே ஆகும். சோழகக் காற்று ஈரத்தை உறிஞ்சிச் செல்லும் மாதங்களில் யாழ்ப்பாணத்து வீடொன்றில் இப்பெட்டியின் அருமை நன்கு புலப்படும்.

ஆயினும் பெட்டியை விட நீரே முதன்மையானது. குடாநாட்டின் கிணறுகள் சுண்ணக்கற் பாறையினூடாக இறங்கிய மழைநீரைத் தருவன. அந்நீரிற் கரைந்துள்ள கல்சியத்தின் அளவைத் தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியிற் படியும் வெள்ளைப் பொருக்கே காட்டிவிடும். செறிவான வேளாண்மை நிகழும் பகுதிகளின் கிணறுகளில் நைத்திரேற்றும் மிகுந்து காணப்படுகிறது. ஒரு லீற்றரில் ஏறத்தாழ 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கரைந்த உப்புக்கள் உள்ள நீரைத் தொடர்ந்து ஊற்றினால் இச்செடிகளின் நலிந்த வேர்கள் கருகத் தொடங்கும். கொதிக்கவைத்து ஆறவைத்தால் கல்சியத்தில் ஒரு பகுதி படிந்து நீங்குமேயன்றி நைத்திரேற்று நீங்காது. ஆதலால் மழைநீரே சிறந்தது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பெய்யும் 10 மில்லிமீற்றர் மழை, 10 சதுர மீற்றர் கூரையிலிருந்து 100 லீற்றர் வரை நீரைத் தரவல்லது. கூரையின் தூசியைக் கழுவிவரும் முதல் மழையை விட்டுவிட்டுப் பின்னர் சேர்க்கலாம். அந்நீரைச் சீமெந்துத் தொட்டியிற் சேமித்தால் சுண்ணாம்பு மீண்டும் கரைந்துவிடும் என்பதால் பிளாஸ்ரிக் பரலே ஏற்றது. நுளம்பு பெருகாதவாறு அதன் வாயை நுண்வலையால் மூடிக் கட்டுதல் கட்டாயமாகும்.

மண்ணிலும் இதே கவனம் வேண்டும். மழைநீரிற் பலமுறை அலசி உப்பு நீக்கிய தும்புச்சோற்றுடன் சுண்ணாம்பு கலவாத மணலைச் சேர்த்தால் போதும். எருவோ உரமோ சிறிதும் கூடாது. கடற்கரை மணலில் உப்புடன் சிப்பித் துகள்களும் கலந்திருக்கும். ஒரு கரண்டி மணலில் வினாகிரியைச் சில துளிகள் விட்டு, நுரை பொங்கினால் அம்மணலை ஒதுக்கிவிட வேண்டும். அழகுக்காக முருகைக்கல் துண்டுகளைப் பெட்டிக்குள் வைப்பதும் இதே காரணத்தால் தவறானது.

எச்செடியைத் தெரிவது என்னும் வினாவுக்குப் பலர் முதலிற் கூறுவது வீனஸ் இலையான் பொறியையே ஆகும். அதன் பொறி மயிர்கள் சுமார் 20 செக்கனுக்குள் இருமுறை தொடப்பட்டால் இலை மூடிக்கொள்ளும் விந்தை எவரையும் கவரும். ஆனால் அது அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களுக்குரியது. ஆண்டுதோறும் சில மாதக் குளிரில் உறங்கி எழாவிட்டால் நலிந்துவிடும். யாழ்ப்பாணத்து மார்கழிப் பனி அதற்குப் போதாது. இலங்கைக்கே உரிய கெண்டித் தாவரமாகிய நெப்பந்தஸ் டிஸ்ரிலற்றோரியா வெப்பத்தைத் தாங்குமாயினும், தென்மேற்கு ஈரவலயக் காடுகளிற் கொடியாகப் படர்வதால் சிறு பெட்டிக்குள் அடங்காது.

இணுவிலின் வெப்பத்துக்கு உகந்தது துரொசெரா பர்மன்னி என்னும் பனித்துளிச் செடியே ஆகும். இலங்கையின் ஈர மணற்பாங்கான திறந்த வெளிகளில் இயல்பாக வளரும் இது ஒரு நாணயமளவே அகன்றது; நிலத்தோடு வட்டமாகப் படிந்த ஆப்பு வடிவ இலைகளின் மேல் செந்நிறச் சுரப்பி மயிர்கள் நின்று, ஒவ்வொன்றின் நுனியிலும் பசைத்துளியொன்று மினுங்கும். எறும்பொன்று விளிம்பைத் தொட்டால் அங்குள்ள நீண்ட மயிர்கள் சில செக்கன்களிலேயே உள்நோக்கி மடிந்து அதை இலையின் நடுவே தள்ளிவிடும். துரொசெரா பேரினத்தின் ஏனைய செடிகளிற் பெரும்பாலானவற்றுக்கு இதற்கு நிமிடங்களோ மணித்தியாலங்களோ செல்லும்.

பெட்டியின் மேற்புறத்தைச் சற்றே திறந்து வைத்தல் நன்று. நண்பகல் வெயில் நேரே படின் உள்ளே வெப்பம் பொறுக்க முடியாதபடி ஏறும். காலை வெயிலோ, நாளொன்றுக்கு 12 மணித்தியாலம் எல்.ஈ.டி. விளக்கொளியோ போதும். இலை பச்சையாகவே இருந்து சிவப்பேறாவிடின் பெரும்பாலும் ஒளி குறைவென்று கொள்ளலாம். இறைச்சித் துண்டு இலையை அழுகச் செய்யும். இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை ஓர் எறும்போ பழ ஈயோ தாராளம்.

இச்செடி நெடுங்காலம் வாழ்வதில்லை. ஆயினும் வெண்பூக்கள் தாமாகவே கருவுற்று நுண்ணிய விதைகளை ஏராளமாக உதிர்க்கும். ஆகவே செடி வளர்க்க விரும்புவோர் இயற்கையில் நிற்பவற்றைக் கிண்டி எடுக்காது, வளர்ப்பவர் ஒருவரிடம் சிறிது விதையைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். அவ்விதையை ஈரத் தும்புச்சோற்றின் மேல் மூடாமல் தூவினாலே முளைத்துவிடும்.